சிகரெட்டை நிறுத்த வேப்: 20, 12, 3, 0... யாருக்கு எந்த நிகோட்டின் அளவு?

லண்டனில் ஒரு மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். நம் ஆட்கள் கவுண்டருக்கு வந்து, பக்கத்தில் தெரிந்தவர்கள் யாரும் இல்லையென்று உறுதிப்படுத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்விகளில் இது ஒன்று: "அண்ணா, சிகரெட்டை விட்டுட்டு வேப்புக்கு மாறலாம்னு இருக்கேன். 20, 12, 6, 3ன்னு விதவிதமா வச்சிருக்காங்க. எதை எடுக்கிறது?" கேட்ட கையோடு பதிலையும் அவரே சொல்லிவிடுவார்: "நிகோட்டின் கெட்டதுதானே, குறைஞ்சதையே எடுத்துக்கிறேன்."

வேப் என்பது நிகோட்டின் கலந்த திரவத்தை (லிக்விட்) சூடாக்கி ஆவியாக இழுக்கும் இ-சிகரெட்; அந்த எண்கள் திரவத்தில் உள்ள நிகோட்டின் அளவு. தினம் ஒரு பாக்கெட் பிடிக்கும் ஒருவர் சின்ன பாட் கருவியையும் (லிக்விட் சிறு கூட்டில் இருக்கும் வகை) 3 மி.கி. பாட்டிலையும் வாங்கிக்கொண்டு போனால், பெரும்பாலும் அது மேசை டிராயருக்குப் போகும், அவர் பழைய சிகரெட்டுக்குப் போவார். குறைந்த எண்தான் பாதுகாப்பானது என்ற நினைப்பு, சிகரெட்டிலிருந்து மாறும் முதல் சில மாதங்களில் நிறையப் பேரைக் கவிழ்த்துவிடுகிறது. அந்த நினைப்பைக் கொஞ்சம் அலசிப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

சிகரெட்டில் ஆளைக் கொல்வது புகை. தார், கார்பன் மோனாக்சைடு, புகையிலை எரியும்போது உருவாகும் ஆயிரக்கணக்கான ரசாயனங்கள். நிகோட்டின் அடிமைப்படுத்தும், இதயத்துடிப்பைக் கூட்டும். அதை அப்பாவிப் பொருள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் புகைப்பவருக்கு வரும் புற்றுநோய்க்கும் நுரையீரல் நோய்க்கும் முக்கியக் காரணம் எரிவதால் வரும் நச்சுகள்தான். அதனால்தான் இந்த நாட்டின் அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ், தோலில் ஒட்டும் பேட்ச், மெல்லும் கம் என்று நிகோட்டினையே மருந்தாகக் கொடுத்து சிகரெட்டை விடச் சொல்கிறது.

யாருக்காக எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் வசிக்கும், 18 வயது தாண்டிய, இப்போது புகைத்துக்கொண்டிருக்கும் ஆளுக்காக. புகைக்காதவர்கள் எந்த அளவிலும் இதைத் தொடவேண்டாம். இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இ-சிகரெட் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாவற்றுக்கும் தடை இருக்கிறது. அங்கே இருப்பவர்களுக்கு இந்தத் தேர்வே கிடையாது. பேட்ச், கம், மருத்துவர் தரும் மாத்திரை ஆகியவைதான் வழி.

## எதை வைத்து எடை போடுவது

நான் முதலில் கேட்பது ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்பதை அல்ல. காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்பதைத்தான். ஃபாகர்ஸ்ட்ராம் சோதனை என்று மருத்துவர்கள் பயன்படுத்தும் கேள்வித்தாளிலும் இதற்கு அதிக மதிப்பெண் உண்டு. ராத்திரி முழுக்கத் தூங்கும்போது ரத்தத்தில் நிகோட்டின் வடிந்துவிடும்; சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அது பாதியாகக் குறையும். எழுந்த 5 நிமிடத்தில் கை சிகரெட்டைத் தேடினால், உடம்பு எவ்வளவு பழகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். 30 நிமிடத்துக்குள் என்றாலும் பிடி பலம்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் முதல் சிகரெட் என்பவர் வேறு ரகம்.

அடுத்தது கருவி. ஒரே 3 மி.கி. லிக்விட் ஒரு கருவியில் வெறும் மணம் மாதிரி இருக்கும், இன்னொன்றில் தலை சுற்ற வைக்கும்.

மூன்றாவது, தொண்டை. சிகரெட் பிடிப்பவர் இழுக்கும்போது தொண்டையில் ஒரு பிடிப்பை எதிர்பார்க்கிறார். அது இல்லாவிட்டால் ஏதோ குறைகிறது என்பார். அதிகமானால் இருமி இருமிக் கருவியைக் கீழே வைத்துவிடுவார்.

நான்காவது செலவு: இன்றைய விலையோடு, வரப்போகும் வரியையும் சேர்த்து. கடைசியாக, நாளைக்கு வேப்பையும் விட நினைத்தால் இந்த அளவிலிருந்து இறங்குவது எவ்வளவு சுலபம் என்பது.

## பாட்டிலில் உள்ள எண்

20 என்று போட்டிருந்தால் ஒரு மில்லி லிக்விடில் 20 மில்லிகிராம் நிகோட்டின் என்று பொருள். சில பெட்டிகளில் 2% என்றிருக்கும், இரண்டும் ஒன்றே. பிரிட்டனில் 20-தான் சட்டப்படி உச்சவரம்பு. 2016 முதல் இந்த விதி இருக்கிறது. கூடவே தொட்டி 2 மில்லிக்கு மேல் போகக்கூடாது, நிகோட்டின் பாட்டில் 10 மில்லிக்கு மேல் போகக்கூடாது என்றும் இருக்கிறது. அமெரிக்காவில் ஜூல் என்ற வேப் நிறுவனம் 59 மி.கி. வரை விற்றது. அங்கிருந்து வரும் உறவினர் கையில் 5% என்ற எண்ணைப் பார்த்தால் அது வேறு ஊர்க் கணக்கு என்று புரிந்துகொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் உடம்புக்குள் போவது அந்த எண் மட்டும் அல்ல. எண்ணை ஒரு நாளில் ஆவியாகும் மில்லியால் பெருக்கவேண்டும். சின்ன பாட் கருவியில் ஒரு நாளைக்கு 2 மில்லி தீரும் என்று வைத்துக்கொள்வோம். 20 மி.கி. போட்டால் 40 மி.கி. நிகோட்டின் ஆவியாகிறது. பெரிய புகைமண்டலம் எழுப்பும் சப்-ஓம் கருவியில் நாளைக்கு 10 மில்லிகூடத் தீரும். 3 மி.கி. போட்டாலும் 30 மி.கி. வந்துவிடும். பாட்டிலில் ஏழு மடங்கு வித்தியாசம்; நாள் முடிவில் கிட்டத்தட்ட ஒரே இடம்.

இப்போது அந்த 3 மி.கி. லிக்விடைச் சின்ன பாட் கருவியில் ஊற்றுங்கள். அதே 40 மி.கி. கிடைக்க 13 மில்லிக்கு மேல் இழுக்கவேண்டும். அந்தக் கருவியால் முடியாது, உங்களாலும் முடியாது. கவுண்டரில் நான் பார்க்கும் தோல்விகளில் பாதி இந்த ஒரு பெருக்கலைப் போடாததால் வருவது.

ஒப்பிட ஒரு அளவு சொல்கிறேன். ஒரு சிகரெட்டில் 10 முதல் 14 மி.கி. வரை நிகோட்டின் இருக்கும். அதில் உடம்பு எடுத்துக்கொள்வது சுமார் 1 முதல் 1.5 மி.கி. ஒரு பாக்கெட் என்றால் 20 முதல் 30 மி.கி. வேப்பில் ஆவியாவது எல்லாம் ரத்தத்தில் ஏறாது; ஒரு பங்கு மூச்சோடு வெளியே போய்விடும். அதனால் 40 என்ற எண்ணைப் பார்த்து மிரளவேண்டாம்.

வேகம் இன்னொரு விஷயம். சிகரெட்டை இழுத்தால் 10, 20 விநாடிக்குள் நிகோட்டின் மூளையைத் தொடும். வேப் அந்த வேகத்தை எட்ட நேரமெடுக்கும். 2014-இல் வெளிவந்த ஃபார்சலினோஸ் குழுவினரின் ஆய்வில், பழகிய வேப்பர்கள் 18 மி.கி. லிக்விடை அன்றைய புதுக் கருவியில் இழுத்தபோது, ஒரு சிகரெட் 5 நிமிடத்தில் தரும் அளவை எட்ட 35 நிமிடம் ஆனது. அதே ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் 20 மி.கி.தான் உச்சம் என்று விதி போட்டபோது, சாதாரண சிகரெட்டுக்கு ஈடாக நிகோட்டின் கொடுக்க இந்த அளவு போதும் என்று காரணம் சொன்னது. கருவிகள் அதன்பிறகு நன்றாகவே மாறிவிட்டன. இருந்தாலும் சட்டம் அனுமதிக்கும் உச்சமே சிகரெட்டைத் தாண்டி எங்கோ நிற்கும் அளவு அல்ல என்பது தெளிவு.

## 20 மி.கி. சால்ட்

முன்பெல்லாம் 18 மி.கி. லிக்விட் என்றால் தொண்டையைச் சுரண்டும். சாதாரண நிகோட்டின் காரத்தன்மை உடையது. அளவு ஏற ஏற எரிச்சலும் ஏறும். அதோடு பென்சாயிக் அமிலம் போன்ற ஓர் அமிலத்தைச் சேர்த்தால் காரம் தணிந்து, 20 மி.கி.கூட வழுக்கிக்கொண்டு இறங்கும். இதைத்தான் நிக் சால்ட் என்கிறார்கள்.

எழுந்த அரை மணிக்குள் சிகரெட் தேடுபவருக்கும், நாளைக்கு 15, 20 பிடிப்பவருக்கும் என் முதல் சிபாரிசு இதுதான்: ரீசார்ஜ் செய்யக்கூடிய சின்ன பாட் கருவி, அதில் 20 மி.கி. சால்ட். இழுப்பது சிகரெட் இழுப்பதுபோலவே இருக்கும். வாயில் வாங்கி, பிறகு உள்ளே. ஆவி அதிகம் எழாது. லிக்விட் குறைவாகத் தீரும்.

இதற்குச் சான்றும் உண்டு. பீட்டர் ஹாயெக் குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், புகைப்பதை விட என்எச்எஸ் உதவி தேடி வந்த 886 பேரில் ஒரு பிரிவுக்கு இ-சிகரெட்டும், மறு பிரிவுக்கு பேட்ச், கம் போன்றவையும் கொடுத்தார்கள். இ-சிகரெட் பிரிவினருக்குத் தொடக்கத்தில் கொடுத்த பாட்டில் 18 மி.கி. ஓராண்டு கழித்து சிகரெட் இல்லாமல் இருந்தவர்கள் அந்தப் பிரிவில் 18 சதவீதம். மறு பிரிவில் 9.9 சதவீதம்.

மறைந்திருக்கும் விலையும் அதே ஆய்வில் இருக்கிறது. ஓராண்டு முடிவில் சிகரெட்டை விட்டிருந்த இ-சிகரெட் பிரிவினரில் 80 சதவீதம் பேர் இன்னமும் வேப் இழுத்துக்கொண்டிருந்தார்கள். பேட்ச், கம் பிரிவில் விட்டவர்களில் 9 சதவீதம்தான் அதைத் தொடர்ந்தார்கள். சிகரெட் தானாக முடிந்துவிடும். பத்துப் பன்னிரண்டு இழுப்பில் பஞ்சு வரை வந்துவிடும், வெளியே குளிரில் நிற்கவும் வேண்டும். வேப்புக்கு அந்த முடிவு கிடையாது. சோபாவில், படுக்கையில், வண்டியில் என்று கை போய்க்கொண்டே இருக்கும். 20 மி.கி. சால்ட் வழுக்கிக்கொண்டு இறங்குவதால் எவ்வளவு இழுத்தோம் என்பதே தெரியாது. அதனால் இதை எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பாட்டிலை என்று திறந்தீர்களோ அந்தத் தேதியை அதன்மேல் பேனாவால் எழுதுங்கள். 10 மில்லி ஐந்து நாள் வந்தது மூன்று நாளாகிவிட்டது என்றால், அளவு ஏறுகிறது என்று அர்த்தம்.

தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல், படபடப்பு இருந்தால் உங்களுக்கு 20 அதிகம். உடனே நிறுத்தித் தண்ணீர் குடித்து ஓய்வெடுத்து, அடுத்த பாட்டிலை 10 ஆக்கிக்கொள்ளலாம்.

## 10 முதல் 12 மி.கி.

நாளைக்கு ஏழெட்டு சிகரெட், முதல் சிகரெட் வேலைக்குக் கிளம்பி பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதுதான் என்பவர்களுக்கு இது நல்ல தொடக்கம். 10 என்றால் பெரும்பாலும் சால்ட். 12 என்றால் அமிலம் சேர்க்காத பழைய வகை. தொண்டையில் நல்ல பிடிப்பு வேண்டும், சால்ட் சப்பென்று இருக்கிறது என்பவர்களுக்கு 12 மி.கி. பழைய வகை பிடிக்கும். வெகுநாள் ஃபில்டர் இல்லாமலும் உருட்டியும் பிடித்த பெரியவர்கள் பலர் இதைத்தான் விரும்பிக் கேட்கிறார்கள்.

இதன் சிக்கல் நடுவில் இருப்பதுதான். கடுமையாகப் பழகியவர் சமரசமாக இதை எடுத்தால், பகல் ஓடிவிடும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சிகரெட் மட்டும் என்று மிச்சம் நிற்கும். அந்த ஒன்றைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

## 3 முதல் 6 மி.கி.

இந்த அளவு உருவானதே பெரிய கருவிகளுக்காக. காயிலின் (லிக்விடைச் சூடாக்கும் கம்பிச்சுருள்) மின்தடை ஒரு ஓமுக்குக் கீழே, மின்திறன் அதிகம், ஆவி நேராக நுரையீரலுக்கு. அதில் 20 மி.கி. ஊற்றினால் ஒரே இழுப்பில் ஆள் உட்கார்ந்துவிடுவார், 3 மி.கி. சரியாக இருக்கும். ஆகவே 3 மோசம் என்று சொல்லவில்லை. சின்னக் கருவியில் 3 போட்டு சிகரெட்டை விட நினைப்பதுதான் பிரச்சினை.

அளவு குறைந்தால் உடம்பு சும்மா இருக்காது, விட்டதை ஈடுகட்டும். லண்டன் சவுத் பேங்க் பல்கலைக்கழகத்தின் லின் டாக்கின்ஸ் குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பார்த்தது. பழகிய வேப்பர்கள் 20 பேருக்கு வாரம் ஒரு விதமாக 6 மி.கி.யும் 18 மி.கி.யும் கொடுத்தார்கள். 6 மி.கி. வாரங்களில் அதிகத் தடவை இழுத்தார்கள், ஒவ்வோர் இழுப்பையும் நீளமாக இழுத்தார்கள், லிக்விட் அதிகம் தீர்ந்தது. உடம்பில் ஃபார்மால்டிஹைடு போன தடயமான ஃபார்மேட்டும் சிறுநீரில் கூடியிருந்தது. லிக்விடில் உள்ள புரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் சூடேறும்போது உடைந்துதான் இந்த ஃபார்மால்டிஹைடு வருகிறது. அப்படியென்றால் நிகோட்டினுக்குப் பயந்து எண்ணைக் குறைத்தவர், அதைவிடத் தவிர்க்கவேண்டிய ஒன்றைக் கூடுதலாக இழுக்கிறார். அளவில் சிகரெட் புகையோடு ஒப்பிட முடியாது என்றாலும், பாதுகாப்புக்காக 3 எடுத்தேன் என்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

இன்னொரு நடைமுறைத் தொல்லை. 3 மி.கி. லிக்விடில் பெரும்பாலும் கிளிசரின் 70 சதவீதம் இருக்கும். தேன் பதத்தில் கெட்டியாக இருக்கும். சின்ன பாட் கருவியின் துளை வழியே அது காயில் பஞ்சுக்கு வேகமாக இறங்காது. நாலு இழுப்பில் பஞ்சு காய்ந்து, கருகிய துணி வாடை தொண்டையில் அறையும். "வேப் எனக்கு ஒத்துக்கலை" என்று திருப்பிக் கொண்டுவருபவர்களின் கருவியை வாங்கிப் பார்த்தால், பாதி நேரம் காயில் கறுத்துப்போயிருக்கும். பாட் கருவிக்கு, கிளிசரினும் புரொப்பிலீன் கிளைக்காலும் பாதிக்குப் பாதியான 50/50 கலவை என்று பெட்டியிலேயே போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

செலவுக்கு வருவோம். விலை கடைக்குக் கடை மாறும். கணக்குக்காக 10 மில்லி பாட்டில் 4 பவுண்டு என்று எடுத்துக்கொள்கிறேன். 20 மி.கி. ஆள் நாளைக்கு 2 மில்லி: 80 பென்ஸ். 3 மி.கி. பெரிய கருவிக்காரர் ஷார்ட்ஃபில் வாங்குவார். நிகோட்டின் இல்லாத 50 மில்லியோடு 18 மி.கி. நிக் ஷாட் 10 மில்லியைக் கலந்தால் 3 மி.கி.யில் 60 மில்லி வரும். இரண்டும் சேர்ந்து 13 பவுண்டு என்றால், நாளைக்கு 10 மில்லி வீதம் 2 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல்.

வரி வந்தால் இந்த இடைவெளி இன்னும் விரியும். 2026 அக்டோபர் 1 முதல் வேப் லிக்விடுக்கு 10 மில்லிக்கு 2.20 பவுண்டு வரி; அதன்மேல் வாட் எனும் மதிப்புக் கூட்டு வரி. நிகோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே வரி. முதலில் 2024 மார்ச் பட்ஜெட்டில் நிகோட்டின் கூடக் கூட வரி கூடும் என்று மூன்று படிகளாகத்தான் அறிவித்தார்கள். பிறகு அதைக் கைவிட்டு ஒரே விகிதமாக்கினார்கள். என் பார்வையில் அது நல்ல முடிவு. படி முறை வந்திருந்தால் கடும் பழக்கம் உள்ளவர்களையே தண்டித்திருக்கும். இப்போதைய முறையில் அதிக மில்லி இழுப்பவர்தான் அதிகம் கட்டுவார். வாட் சேர்த்தால் 10 மில்லிக்கு 2.64 ஏறும். 20 மி.கி. ஆளின் செலவு நாளைக்கு 1.33 பவுண்டு ஆகும், 3 மி.கி. ஆளுக்கு 4.80 அளவில் போய் நிற்கும்.

3 முதல் 6 யாருக்குச் சரி? ஏற்கெனவே பெரிய கருவியில் நிம்மதியாக இருப்பவருக்கு. வாரக்கடைசியில் மட்டும் இரண்டு மூன்று பிடிப்பவருக்கு (அவருக்கு வேப்பே தேவையா என்று முதலில் யோசிக்கலாம்). அப்புறம், 20-இலிருந்து இறங்கிக்கொண்டே வந்து கடைசிப் படியில் நிற்பவருக்கு.

## 0 மி.கி.

சிகரெட்டிலிருந்து நேராக இதற்கு மாறுவதை நான் சொல்லமாட்டேன். நியூசிலாந்தில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில் எல்லோருக்கும் பேட்ச் கொடுத்து, ஒரு பிரிவுக்கு 18 மி.கி. இ-சிகரெட்டும் இன்னொரு பிரிவுக்கு நிகோட்டின் இல்லாத இ-சிகரெட்டும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் சிகரெட்டை விட்டிருந்தவர்கள் முறையே 7 சதவீதம், 4 சதவீதம். பேட்ச் மட்டும் போட்டவர்களில் 2 சதவீதம். கைப்பழக்கத்துக்கும் வாய்ப்பழக்கத்துக்கும் 0 கொஞ்சம் கைகொடுக்கிறது என்பது இதில் தெரிகிறது. பேட்ச் போட்டுக்கொண்டு கைக்கு ஏதாவது வேண்டும் என்பவருக்கும், படிப்படியாக இறங்கியவரின் கடைசி வாரங்களுக்கும் இது பொருந்தும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | 20 மி.கி. சால்ட் | 10–12 மி.கி. | 3–6 மி.கி. | 0 மி.கி. |
|---|---|---|---|---|
| பொருத்தமான கருவி | சின்ன பாட் | சின்ன பாட் | சப்-ஓம், பெரிய கருவி | எதுவும் |
| ஒரு நாள் லிக்விட் (உத்தேசம்) | 2 மில்லி | 3 மில்லி | 3 மி.கி.க்கு 10 மில்லி | ஆளைப் பொறுத்து |
| அதில் உள்ள நிகோட்டின் | 40 மி.கி. | 30–36 மி.கி. | 30 மி.கி. | இல்லை |
| தொண்டையில் | மென்மை | 12 பழைய வகையில் நல்ல பிடிப்பு | மென்மை, சூடான ஆவி | கிட்டத்தட்ட ஒன்றுமில்லை |
| நாள் செலவு, வரிக்கு முன் | 80 பென்ஸ் | 1.20 பவுண்டு | 2.17 பவுண்டு | மில்லியைப் பொறுத்து |
| நாள் செலவு, வரியோடு | 1.33 பவுண்டு | 2 பவுண்டு | 4.80 பவுண்டு | மில்லிக்கு அதே வரி |
| மறைந்த விலை | முடிவில்லாமல் இழுக்கும் பழக்கம் | மிச்சம் நிற்கும் ஒரு சிகரெட் | அதிக ஆவி, அதிக லிக்விட் | சிகரெட்டுக்கே திரும்புவது |
| யாருக்கு | எழுந்த 30 நிமிடத்துக்குள் சிகரெட் தேடுபவர் | நாளைக்கு 10-க்குக் கீழ் | பெரிய கருவிக்காரர், இறங்கி வருபவர் | கடைசிப் படி |

இருபது சிகரெட் கொண்ட பாக்கெட் 15 பவுண்டைத் தாண்டிவிட்ட நாட்டில், இந்த நான்கில் எதை எடுத்தாலும் பணம் மிச்சம்தான். மலிவு பார்த்து அளவைத் தேர்ந்தெடுக்கவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

## அந்த ஒரே ஒரு சிகரெட்

"வேப்புக்கு மாறிட்டேன், நாளைக்கு ஒண்ணுதான் பத்துறேன்" என்று சந்தோஷமாக வந்து சொல்பவர்கள் உண்டு. இருபதிலிருந்து ஒன்றுக்கு வந்தது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் இதயம் அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. 2018-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பின்படி, நாளைக்கு ஒரு சிகரெட் பிடிப்பவருக்கே, இருபது பிடிப்பவருக்குக் கூடும் இதய நோய் ஆபத்தில் கிட்டத்தட்டப் பாதி இருக்கிறது. ஆபத்து இருபதில் ஒரு பங்காகக் குறைவதில்லை. தெற்காசியர்களுக்கு இந்த நாட்டில் மாரடைப்பு ஏற்கெனவே அதிகம். சர்க்கரையும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே மிச்சம் ஒரு சிகரெட் நிற்கிறது என்றால், நிகோட்டின் அளவு போதவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். 10-இல் இருப்பவர் 20-க்கு ஏறுங்கள். 20-இல் இருந்தும் நிற்கிறது என்றால் ஒரு பேட்ச்சையும் சேர்க்கலாம். உள்ளூர் ஸ்டாப் ஸ்மோக்கிங் சேவையிலோ மருந்தகத்திலோ கேட்டால் வழி சொல்வார்கள். 2023-இல் அறிவித்த ஸ்வாப் டு ஸ்டாப் திட்டத்தில் பல கவுன்சில்கள் தொடக்கக் கருவியை இலவசமாகவே கொடுத்திருக்கின்றன, கேட்டுப் பாருங்கள்.

## எப்போது இறங்குவது

சிகரெட் வாடை வந்தாலும் மனம் போகவில்லை, குடித்துக்கொண்டிருக்கும் நண்பர்கள் நடுவிலும் கை நீளவில்லை என்ற நிலை இரண்டு மூன்று மாதமாவது நிலைத்த பிறகு 20-இலிருந்து 10-க்கு வரலாம். சால்ட் 20, 10, 5 என்று கிடைப்பதால் படிகள் தெளிவாக இருக்கும். இறங்கிய வாரங்களில் மில்லியைக் கவனியுங்கள். 10-க்கு வந்து லிக்விட் இரண்டு மடங்காகத் தீர்ந்தால் நீங்கள் இறங்கவே இல்லை. அப்போது 20-க்கே திரும்பி, காலையில் முதல் இழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போடுவதும் படுக்கையறைக்குக் கருவியைக் கொண்டுபோகாமல் இருப்பதும் நல்ல வழி. அவசரம் வேண்டாம். வேப்பை விடும் வேகத்தில் சிகரெட்டுக்குத் திரும்பினால் எல்லாம் போச்சு. என்எச்எஸ்ஸின் ஆலோசனையும் இதேதான்.

## வாங்கும் முன் சில விஷயங்கள்

தூக்கியெறியும் டிஸ்போசபிள் வேப்புகளுக்கு 2025 ஜூன் 1 முதல் தடை. இன்னும் யாராவது மேசைக்கடியிலிருந்து எடுத்துத் தருகிறார் என்றால், அதில் உள்ள நிகோட்டின் அளவு பெட்டியில் போட்டிருப்பதுதானா என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. தொட்டி 2 மில்லிக்கு மேல், அளவு 20-க்கு மேல் என்று எழுதியிருந்தால் இங்கே விற்க அனுமதியில்லாத சரக்கு.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பாட்டிலை மருந்துபோலப் பூட்டி வையுங்கள். மாம்பழ வாசனையுள்ள 10 மில்லி 20 மி.கி. பாட்டிலில் 200 மி.கி. நிகோட்டின் இருக்கிறது. கைக்குழந்தைக்கு அது உயிர்போகும் விஷம்.

குளோசபின், ஒலன்சபின், தியோபிலின் எடுப்பவர்கள் மாறும் தேதியை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லவேண்டும். சிகரெட்டின் தார், கல்லீரல் இந்த மருந்துகளை வேகமாக உடைக்கும்படி செய்துவிடும். புகை நின்றதும் அந்த வேகம் குறையும். அதே மாத்திரை ரத்தத்தில் அதிகமாக நிற்கும். இது நடப்பது புகை நிற்பதால், அதனால் 20 மி.கி. எடுத்தாலும் 0 எடுத்தாலும் ஒன்றுதான். இன்சுலின் போடுபவர்களும் முதல் வாரங்களில் சர்க்கரையை அடிக்கடி பார்க்கவேண்டும். கர்ப்பிணிகளுக்கு முதலில் சொல்வது பேட்ச், கம். மருத்துவச்சியிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

ஊருக்குப் போகும்போது என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. சென்னைக்குக் கருவியைக் கொண்டுபோகாதீர்கள், சட்டம் மேலே சொன்னதுதான். சிங்கப்பூரில் வைத்திருப்பதே குற்றம்; சாங்கியில் விமானம் மாறுபவர்களும் நினைவில் வைத்துக்கொள்ளவும். யாழ்ப்பாணம், கொழும்பு போகிறவர்கள் கிளம்பும் முன் அங்குள்ள விதியைப் பாருங்கள். அந்த வாரங்களுக்கு பேட்ச்சும் நிகோட்டின் கம்மும் இங்கிருந்தே வாங்கிப் போகலாம். கம்மிலும் 2 மி.கி., 4 மி.கி. என்று இரண்டு உண்டு; எழுந்த அரை மணிக்குள் சிகரெட் தேடிய ஆளுக்கு 4. சாதாரண சூயிங்கம்போல மென்றுகொண்டே இருந்தால் நிகோட்டின் வயிற்றுக்குப் போய் விக்கல்தான் வரும். மிளகு காரம் தெரியும்வரை மெல்ல மென்று, வெற்றிலை அடக்குவதுபோலக் கன்னத்தில் ஒதுக்கிவிடுங்கள். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். ஒரு கம் அரை மணி நேரம் வரும். மெல்வதற்கு முன் கால் மணி நேரம் காபி, ஜூஸ் வேண்டாம், அவை வாயில் நிகோட்டின் ஏறுவதைத் தடுத்துவிடும்.